உமிச்சாம்பல் முதல் தென்னை நார் வரை: கழிவு சேர்த்த கான்கிரீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று இன்று நான்கு மாவட்டங்களாக இருக்கும் பழைய வட ஆற்காட்டில், "இதைக் கான்கிரீட்டில் போடலாமா?" என்று யாராவது கேட்காத கழிவே கிடையாது. ஆரணி, களம்பூர் அரிசி ஆலைகளின் உமிச்சாம்பல், அம்முண்டி சர்க்கரை ஆலைப் பக்கத்துக் கரும்புச் சக்கைச் சாம்பல், குடியாத்தம் தென்னந்தோப்புகளின் நார், கல் உடைக்கும் கிரஷர்களில் மலையாகக் குவிகிற டஸ்ட், பழைய வீடுகளை இடித்த ரப்பீஸ், ஆம்பூர் வாணியம்பாடி தோல் கழிவு என்று பட்டியல் நீளும். கேட்பவர்களில் பாதிப்பேர் சிவில் படிக்கும் மாணவர்கள். மீதிப்பேர் வீடு கட்ட இறங்கியவர்கள்.

கேள்வி நியாயமானதுதான். சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 1450 டிகிரி வெப்பத்தில் சுட்டுத்தான் சிமெண்டின் மூலப்பொருளான கிளிங்கரை எடுக்கிறார்கள். எரிபொருளின் புகை ஒரு பங்கு. கல்லுக்குள்ளேயே இருந்து வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு அதைவிடப் பெரிய பங்கு. ஒரு டன் கிளிங்கருக்கு 800 கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு போகிறது. உலகம் முழுக்க வெளியேறுவதில் 7, 8 சதவீதம் சிமெண்டால்தான். மணல் கதையைப் பாலாற்றங்கரையில் இருப்பவர்களுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. ஆகவே சிமெண்டையும் மணலையும் குறைக்க நினைப்பவர்களை நான் மனதார வரவேற்கிறேன்.

ஆனால் ஒரு பொருள் கழிவு என்பதாலேயே கான்கிரீட்டுக்கு ஆகிவராது. முதலில் கேட்கவேண்டியது, இது எதற்குப் பதிலாகப் போகிறது என்பது. சிமெண்டுக்குப் பதிலா, மணலுக்குப் பதிலா, ஜல்லிக்குப் பதிலா, இல்லை வெடிப்பைத் தடுக்கவா? இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் கலப்பதால்தான் கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை நடக்கின்றன.

சாம்பல் ஏற்கெனவே இருக்கும் மூட்டையில் இன்னும் சாம்பல்

கடையில் "ஒரு மூட்டை சிமெண்டு" என்று கேட்டால் நம் பக்கம் கையில் கிடைப்பது பெரும்பாலும் பிபிசி. அது ஃப்ளை ஆஷ் (அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரித்த சாம்பல்) கலந்தே வரும் சிமெண்டு. ஐஎஸ் 1489 என்ற இந்தியத் தரவிதிப்படி அதில் 15 முதல் 35 சதவீதம் வரை ஃப்ளை ஆஷ் இருக்கலாம். எவ்வளவு என்பது மூட்டையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். பலர் அதைப் படிப்பதே இல்லை. செங்கல் சேம்பரில் கிடைத்த ஃப்ளை ஆஷை அதன் மேல் இன்னொரு 20 சதவீதம் போட்டுவிடுகிறார்கள்.

கணக்குப் பாருங்கள். மூட்டையில் 30 சதவீதம் சாம்பல் என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோவில் 20 கிலோ சிமெண்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சாம்பலைப் போட்டால், மிச்சமிருக்கும் 80 கிலோ சிமெண்டிலும் 24 கிலோ சாம்பல். ஆக மொத்தம் 44 கிலோ சாம்பல். கிளிங்கரும் ஜிப்சமும் சேர்ந்து 56 கிலோதான். 20 சதவீதம் மாற்றியதாக நினைப்பவர் உண்மையில் பாதியை நெருங்கிவிட்டார்.

இது ஏன் சிக்கல்? ஃப்ளை ஆஷ் தானாகப் பெரிதாக இறுகாது. சிமெண்டு தண்ணீரோடு வினைபுரியும்போது சுண்ணாம்பு ஒன்று மிச்சமாகிறது. சாம்பலில் இருக்கிற சிலிக்கா அந்தச் சுண்ணாம்போடு சேர்ந்துதான் பிணைப்புப் பசையாக மாறுகிறது. இது மெதுவாக நடக்கும், வாரக்கணக்கில் ஈரமும் வேண்டும். கிளிங்கர் குறைந்தால் சுண்ணாம்பும் குறையும். அப்புறம் மிச்சச் சாம்பல் வெறும் பொடியாகத்தான் கிடக்கும்.

பாதிக்கு மேல் ஃப்ளை ஆஷ் போட்டு உறுதியான கான்கிரீட் எடுக்க முடியாதா என்றால், முடியும். கனடாவில் கான்கிரீட் ஆய்வாளர் மல்ஹோத்ராவும் உடன் இருந்தவர்களும் 1980களிலேயே செய்து காட்டினார்கள். ஆனால் அங்கே தண்ணீரைக் கடுமையாகக் குறைத்து, தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் சூப்பர் பிளாஸ்டிசைசர் என்ற மருந்தைப் போட்டு, ஒவ்வொரு கலவையையும் சோதித்துச் செய்தார்கள். அந்த அளவை மட்டும் எடுத்துக்கொண்டு, பாண்டுச் சட்டியில் அளந்து பக்கெட்டில் தண்ணீர் ஊற்றும் வேலையில் போட்டால் அந்த முடிவு வராது.

சொந்தமாகச் சாம்பல் சேர்க்கவேண்டும் என்றால், சாம்பல் கலக்காத சாதாரண சிமெண்டான ஓபிசி வாங்குங்கள். 43 கிரேடோ 53 கிரேடோ, மூட்டையில் பார்த்து வாங்குங்கள். ஃப்ளை ஆஷும் ஐஎஸ் 3812 சான்றோடு வரும் உலர்ந்த சாம்பலாக இருக்கட்டும். அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி வழியில் பிடித்துச் சேர்க்கும் நைசான சாம்பல் வேறு. தண்ணீரோடு குட்டையில் தள்ளிக் காயவைத்த சாம்பல் வேறு. இரண்டாவது சொரசொரவென்று இருக்கும். செங்கல் அறுக்கவும் பள்ளம் நிரப்பவும் ஆகலாம், சிமெண்டுக்குப் பதிலாக ஆகாது.

வீடு கட்டுகிறவருக்கு என் யோசனை இன்னும் எளிது. பிபிசி மூட்டையையோ, இரும்பு உலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமெண்டையோ அப்படியே வாங்கிப் பயன்படுத்துங்கள். அதுவே கழிவு சேர்த்த, கரியமிலம் குறைந்த சிமெண்டுதான். ஆலையில் அளந்து கலந்ததை நாம் தளத்தில் மறுபடி கலக்கவேண்டிய அவசியமில்லை.

கறுப்பு உமிச்சாம்பல்

நெல்லின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு உமி. உமியை எரித்தால் அதிலும் சுமார் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். ஒழுங்காக எரித்த சாம்பலில் 85 முதல் 95 சதவீதம் வரை சிலிக்கா இருக்கும். எண்ணிக்கையைக் கேட்டதும் ஆசை வருவது இயல்பு. அமெரிக்காவில் பெர்க்லியில் பேராசிரியராக இருந்த பி.கே. மேத்தா 1970களிலேயே உமிச்சாம்பல் சிமெண்டைப் பற்றி விரிவாக ஆராய்ந்தவர். நம் ஐஎஸ் 456 தரவிதியும் உமிச்சாம்பலைச் சேர்த்துக்கொள்ள இடம் தருகிறது, தேவையான தரமும் ஒரே சீரான தன்மையும் இருந்தால்.

அந்த 'இருந்தால்' என்பதில்தான் சிக்கல். சிலிக்கா எவ்வளவு என்பதைவிட அது எப்படிப்பட்ட சிலிக்கா என்பதே முக்கியம். 500 முதல் 700 டிகிரிக்குள் கட்டுப்படுத்தி எரித்தால் சிலிக்கா ஒழுங்கற்ற உருவில் இருக்கும். சுண்ணாம்போடு சட்டென்று வினைபுரியும். அதற்கு மேல் சூடேறி நீண்ட நேரம் எரிந்தால் படிகமாகிவிடும். அப்புறம் அது கிட்டத்தட்ட வெறும் மணல் பொடிதான். சூடு போதாமல் எரிந்தால் கரி மிச்சமிருக்கும். அரிசி ஆலை பாய்லர் நீராவிக்காக எரிகிறது, சாம்பலின் தரத்துக்காக இல்லை. ஒரே ஆலையில் காலையில் வந்த சாம்பலும் மாலையில் வந்த சாம்பலும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

கையில் ஒரு பிடி எடுத்துப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் கரி. விரலிடுக்கில் தேய்த்தால் கறை ஒட்டும். உமியின் ஓட்டு உருவம் அப்படியே தெரியும், கொஞ்சம் அழுத்தினால் மொறுமொறுவென்று உடையும். ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டால் கணிசமான பங்கு மேலேயே மிதக்கும். இதை அப்படியே மிஷினில் கொட்டினால் முதலில் நடப்பது, கலவை வறண்டுபோவது. உமிச்சாம்பல் துகள் முழுக்க நுண்துளை, கரி வேறு. இரண்டும் தண்ணீரைக் குடிக்கும், பிளாஸ்டிசைசரையும் குடிக்கும். "கலவை ஓடவே மாட்டேங்குது சார்" என்று மேஸ்திரி இன்னொரு பக்கெட் ஊற்றுவார். அந்தப் பக்கெட்டோடு சாம்பலால் வரவிருந்த லாபம் எல்லாம் போய்விடும்.

சரியான வழி: சாம்பல் நிறமாகவோ வெளிறியதாகவோ இருக்கும் சாம்பலைத் தேர்ந்து, எரியாத மிச்சம் எவ்வளவு என்று ஆய்வகத்தில் சோதித்து, சிமெண்டு அளவுக்கு நைசாக அரைத்து, 10 சதவீதத்தில் தொடங்குங்கள். எரியாத மிச்சம் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு, ஃப்ளை ஆஷுக்கு ஐஎஸ் 3812 வைத்திருக்கும் 5 சதவீத வரம்பை அளவுகோலாகக் கொள்ளலாம். அரைப்பதைத் தவிர்க்கவே முடியாது. அரைக்காத சாம்பலைப் போட்டுவிட்டு "உமிச்சாம்பல் போட்டால் வலு குறைகிறது" என்று முடிவெழுதிய ப்ராஜெக்ட் அறிக்கைகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அந்தச் சோதனை அரைப்பைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறது, உமிச்சாம்பலைப் பற்றி இல்லை.

கரும்புச் சக்கைச் சாம்பலுக்கும் கிட்டத்தட்ட இதே விதி. அதில் எரியாத நார்த்துண்டுகள் கூடுதலாக இருக்கும். முதலில் சலித்து அவற்றை நீக்கி, பிறகு அரைக்கவேண்டும்.

கிரஷர் டஸ்ட்டை எம்-சாண்ட் என்று நம்புவது

ஜல்லி உடைக்கும்போது தானாக விழும் தூள் கிரஷர் டஸ்ட். மணலுக்கென்றே கல்லை உடைத்து, துகளின் வடிவத்தைச் சீராக்கி, நைசான பொடியைக் கழுவியோ காற்றில் பிரித்தோ எடுப்பது எம்-சாண்ட். இரண்டும் சாம்பல் நிறம், லாரியில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, விலையில் மட்டும் தெரியும். டஸ்ட்டில் துகள்கள் தட்டையாகவும் முனை கூர்மையாகவும் இருக்கும், மாவுபோன்ற பொடி நிறைய இருக்கும். ஐஎஸ் 383 உடைத்த மணலில் 75 மைக்ரான் சல்லடை வழியே போகும் பொடி எடையில் 15 சதவீதம் வரை இருக்கலாம் என்கிறது. டஸ்ட்டில் அதைத் தாண்டுவது சாதாரணம்.

வீட்டு வாசலிலேயே ஒரு சோதனை செய்யலாம். நேரான கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மணல், மேலே தண்ணீர். நன்றாகக் குலுக்கி மூன்று மணி நேரம் அசையாமல் வையுங்கள். மணல் கீழே தங்கும், மாவு அதன் மேல் ஒரு படலமாக நிற்கும். இரண்டு லோடு வந்தால் இரண்டு பாட்டில் வைத்து ஒப்பிடுங்கள். இது தோராயம்தான், படலத்தின் உயரத்தை அப்படியே சதவீதமாக எடுக்கக்கூடாது. ஆனால் எந்த லோடைத் திருப்பி அனுப்பவேண்டும் என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

டஸ்ட் வீணாகப் போகவேண்டியதில்லை. கழுவிச் சலித்த டஸ்ட்டை மணலில் ஒரு பங்காகச் சேர்த்து, மிக்ஸ் டிசைன் (எது எவ்வளவு என்ற கலவைக் கணக்கு) போட்டு, பிளாஸ்டிசைசரோடு நல்ல கான்கிரீட் எடுக்க முடியும். பேவர் பிளாக், ஹாலோ பிளாக் வேலையில் ஏற்கெனவே அது பழக்கத்தில் இருக்கிறது. கழுவாமல் முழுக்க மணலுக்குப் பதிலாக ரூஃபுக்குப் போடுவதுதான் தவறு.

இடிபாட்டில் கான்கிரீட்டையும் செங்கலையும் பிரிக்காதது

பழைய வீட்டை இடித்தால் கான்கிரீட், செங்கல், பூச்சு, டைல்ஸ், சில இடத்தில் ஃபால்ஸ் சீலிங்கின் ஜிப்சம் எல்லாம் ஒரே குவியலாக விழும். இதை மொத்தமாக உடைத்து "ரீசைக்கிள் ஜல்லி" என்கிறார்கள். ஐஎஸ் 383-இன் 2016 பதிப்பு இதில் தெளிவாக இருக்கிறது. சுத்தமான பழைய கான்கிரீட்டை உடைத்த ஜல்லி என்றால் கம்பி இல்லாத கான்கிரீட்டில் 25 சதவீதம் வரை, கம்பி கட்டிய கான்கிரீட்டில் எம்25 என்ற வலுத்தரம் வரை மட்டும் 20 சதவீதம், எம்15-க்குக் கீழான அடிக் கான்கிரீட்டில் முழுக்கவும் போடலாம். செங்கலும் பூச்சும் கலந்தது என்றால் அடிக் கான்கிரீட்டுக்கு மட்டும்தான்.

பழைய கான்கிரீட் ஜல்லியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கருங்கல்லின் மேல் பழைய கலவை ஒரு தோலாக ஒட்டியிருக்கும். கருங்கல் கிட்டத்தட்டத் தண்ணீரே குடிக்காது. இந்தத் தோல் பல மடங்கு குடிக்கும். காய்ந்த ஜல்லியை மிஷினில் போட்டால் கலவைத் தண்ணீரை அது இழுத்துக்கொண்டு, ஐந்து பத்து நிமிடத்தில் கான்கிரீட் கெட்டிப்பட்டதுபோல் ஆகிவிடும். முந்தின நாளே நனைத்து ஊறவைத்து, மேல் ஈரம் வடிந்த பிறகு போடவேண்டும். தூசியையும் கழுவிவிடுங்கள். ஜிப்சம் துண்டு மட்டும் ஒன்றுகூட இருக்கக்கூடாது. அதிலிருக்கும் சல்பேட் சிமெண்டோடு சேர்ந்து உள்ளுக்குள் உப்பி, கான்கிரீட்டை வெடிக்கவைக்கும்.

செங்கல் ரப்பீஸுக்கு நம் ஊரிலேயே பழைய மரியாதை உண்டு. மெட்ராஸ் டெரஸ் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காய், வெல்லத் தண்ணீர் தெளித்து இடித்துப் பரப்புவார்கள். நன்றாக வெந்த செங்கல்லைப் பொடித்த சுர்க்கியைச் சுண்ணாம்புச் சாந்தில் கலப்பார்கள். அதுவும் இன்றைய ஃப்ளை ஆஷ் செய்கிற அதே வேலைதான். சுட்ட களிமண்ணையும் சுண்ணாம்புக்கல் பொடியையும் சேர்த்துக் கிளிங்கரைப் பாதியாகக் குறைக்கும் எல்சி3 சிமெண்டுக்கு 2023-இல் ஐஎஸ் 18189 என்ற தரவிதியே வந்துவிட்டது. ஆகவே செங்கலைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. மொட்டைமாடியில் வெயில் மழையைத் தடுக்கப் போடும் வெதரிங் கோர்ஸுக்கும் அடித்தளத்துக்கும் போகட்டும், பீமுக்கும் ரூஃபுக்கும் வேண்டாம்.

நார் போட்டால் கம்பி வேண்டாம் என்பது

மற்ற தவறுகளில் வீடு பழுதாகும், இதில் ஆளுக்கே ஆபத்து. ரூஃபில் அடியில் கட்டும் கம்பி, தளம் வளையும்போது வரும் இழுவிசையைத் தாங்குகிறது. கலவையில் திசைக்கொன்றாகக் கிடக்கும் சின்ன நார் அந்த வேலையைச் செய்யாது. கடையில் விற்கும் பாலிபுரோப்பிலீன் நார் ஒரு கன மீட்டருக்கு 600 முதல் 900 கிராம் வரைதான் போடுவது வழக்கம். அது கான்கிரீட் போட்ட முதல் சில மணி நேரத்தில் மேற்பரப்பு காய்ந்து வரும் மயிரிழை வெடிப்பைக் குறைக்கும். சித்திரை வைகாசியில் வேலூர் வெயிலிலும் காற்றிலும் தளம் போட்டவர்களுக்கு அந்த வெடிப்பு நன்றாகத் தெரியும். அந்த அளவில் அது பெரிய உதவி. அதைக் காட்டி 10 எம்எம் கம்பியை 8 ஆக்குவதும், கம்பி இடைவெளியைக் கூட்டுவதும் கூடாது.

இரும்பு நார் வேறு ரகம். கான்கிரீட்டின் கன அளவில் 1 சதவீதம் என்றால் ஒரு கன மீட்டருக்கு 78.5 கிலோ. குடோன் தரை, கனரக வண்டி ஓடும் தளம் போன்ற இடங்களில் அது நன்றாக வேலை செய்கிறது. வெடித்த பிறகும் இரு பக்கத்தையும் பிடித்து நிறுத்தும். ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையிலும் லேத் பட்டறைகளிலும் கிடைக்கும் இரும்புச் சுருளை இதற்குப் பதிலாகப் போடலாமா என்று கேட்கிறார்கள். ஆய்வகச் சோதனைக்கு ஆகலாம், ஆனால் லேத் சுருளில் கட்டிங் ஆயில் இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சிமெண்டு பிடிக்கவே பிடிக்காது. கழுவி, எண்ணெய் போக்கி, ஒரே நீளத்துக்கு வெட்டாமல் அதைத் தொடாதீர்கள்.

நாரைக் கலக்கும் விதத்திலும் பெரிய தப்பு நடக்கிறது. பாக்கெட்டைப் பிரித்து மொத்தமாகச் சுழலும் மிஷினில் கொட்டினால், நார் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு எலுமிச்சை அளவு உருண்டைகளாகத் திரளும். ஒரு உருண்டையைப் பிய்த்துப் பார்த்தால் உள்ளே காய்ந்த நாரும் ஈரம் படாத சிமெண்டும் இருக்கும். கான்கிரீட் இறுகிய பிறகு அந்த இடம் ஒரு ஓட்டை. நாரைக் கையால் உதிர்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, வழக்கத்தைவிட ஓரிரு நிமிடம் கூடுதலாகச் சுழலவிடவேண்டும். நார் போட்டால் கலவை கெட்டியாகத் தெரியும். அதற்குத் தண்ணீர் ஊற்றாமல் பிளாஸ்டிசைசர் சேருங்கள்.

தென்னை நாரைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் குடியாத்தம், வாணியம்பாடிப் பக்கம் அது மலிவாகக் கிடைக்கிறது, மாணவர்களும் முதலில் அதைத்தான் எடுக்கிறார்கள். நல்ல நார்தான், இழுத்தால் நீளும், சட்டென்று அறாது. ஆனால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் ஈரம் கடும் காரம், அதன் பிஹெச் 12.5-க்கு மேல். அந்தக் காரம் நாரிலுள்ள லிக்னினையும் அதைச் சேர்ந்த பசைகளையும் மெல்ல அரித்துவிடும். வழக்கமான வலுச் சோதனை நாளான 28-ஆம் நாளில் நல்ல முடிவு காட்டிய நார் சில வருடத்தில் வலுவிழந்து நொறுங்கலாம். ப்ராஜெக்ட் 28 நாளோடு முடிந்துவிடுவதால் இது யார் கண்ணுக்கும் படுவதில்லை.

நாரை ஊறவைத்து அலசி அதிலுள்ள சாயத்தைப் போக்குவது, 2 முதல் 5 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டுவது, ஃப்ளை ஆஷோ நன்கு அரைத்த உமிச்சாம்பலோ சேர்த்துக் காரத்தைக் குறைப்பது எல்லாம் பலன் தரும். நம் ஊரின் இரண்டு கழிவுகள் ஒன்றுக்கொன்று துணையாகும் இடம் இது, மாணவர்கள் இதில் உழைத்தால் நிஜமான பயன் உண்டு. அப்படியும் காம்பவுண்டு சுவர் பலகை, கூரை ஷீட், நடைபாதைக் கல் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பிளாஸ்டிக் பற்றி ஒரு வார்த்தை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவனின் பிளாஸ்டிக் சாலையைச் சொல்லி, கவர்களைக் கிழித்துக் கான்கிரீட்டில் போடுகிறார்கள். அவர் செய்தது சூடான ஜல்லியின் மேல் பிளாஸ்டிக்கை உருக்கிப் பூசி, தாரோடு சேர்த்தது. சிமெண்டில் அந்த உருகலும் இல்லை, ஒட்டலும் இல்லை. கவர்த் துண்டு உள்ளே வழுக்கும் படலமாகக் கிடந்து வலுவைக் குறைக்கும்.

தோல் கழிவு: இதை மட்டும் செய்யவே வேண்டாம்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தோல் தொழில் நடக்கும் ஊர்களில் டேனரி கசடும் தோல் சீவலும் குவிவது உண்மை. அதைக் கான்கிரீட்டில் அடைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று நினைப்பது பெரிய ஆபத்து. குரோமில் பதனிட்ட தோலிலும் கசடிலும் குரோமியம் இருக்கிறது. பதனிடும்போது அது மூன்று இணைதிறன் கொண்ட வகை, நச்சு குறைவு. அதைத் திறந்தவெளியில் எரித்துச் சாம்பலாக்கினால், சுண்ணாம்பும் காரமும் சேர்ந்த சூட்டில் ஒரு பகுதி ஆறு இணைதிறன் குரோமியமாக மாறக்கூடும். அது புற்றுநோய் உண்டாக்கும், தண்ணீரில் எளிதில் கரையும். ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் வளாகத்தில் லட்சம் டன்னுக்கு மேல் கழிவு கிடந்து நிலத்தடி நீரை மஞ்சளாக்கிய கதையை அந்தப் பகுதி மக்கள் இன்னும் சுமக்கிறார்கள்.

எரிக்காமல் போட்டாலும் சரிவராது. தோலிலுள்ள புரதமும் கொழுப்பும் சிமெண்டு இறுகுவதைத் தாமதப்படுத்தும். குரோமியத்தைச் சிமெண்டில் கட்டிப்போடும் ஆய்வுகள் இருக்கின்றன, ஆனால் அவை கசிவுச் சோதனையோடு, கண்காணிக்கப்படும் குழிகளுக்காகச் செய்பவை. ஒரு வீட்டுச் சுவரை நாளை யாராவது துளைபோடுவார்கள், நாளை மறுநாள் இடிப்பார்கள், அந்தத் தூசியைச் சித்தாள்தான் சுவாசிப்பார். 2016-இன் அபாயகரக் கழிவு விதிகள்படி இதை அனுமதியில்லாமல் எடுத்துப்போவதே குற்றம். தெரிந்தவர் இலவசமாகத் தருகிறார் என்றாலும் வாங்காதீர்கள்.

போர்வெல் தண்ணீரைச் சோதிக்காதது

சாம்பலையும் நாரையும் பார்த்துப் பார்த்துச் சேர்த்துவிட்டு, தண்ணீரை யோசிக்காமல் ஊற்றுகிறோம். பாலாற்றங்கரைத் தோல் ஊர்களில் பல கிணறுகளும் போர்வெல்களும் உப்பேறிக் கிடக்கின்றன. தோலைப் பதப்படுத்தப் போட்ட உப்பு கழிவுநீரோடு நிலத்துக்குள் போனதன் விளைவு அது. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடர்ந்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே ஈடு கட்டவேண்டும் என்று தீர்ப்பளித்தது இந்தத் தண்ணீருக்காகத்தான். ஐஎஸ் 456 கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது. தாண்டினால் கம்பி உள்ளேயே துருப்பிடித்து உப்பி, சில வருடத்தில் ரூஃபின் அடிப்பூச்சு பெயர்ந்து விழும். தண்ணீர்ச் சோதனை செலவு ஒன்றிரண்டு மூட்டை சிமெண்டு விலைக்குள் முடிந்துவிடும். உப்பு என்று தெரிந்தால் கலவைக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் லாரி வாங்குங்கள். கான்கிரீட்டை ஈரமாக வைத்திருக்கும் க்யூரிங்கிற்கும் அதையே ஊற்ற முடிந்தால் இன்னும் நல்லது.

ஏழாம் நாள் க்யூபைப் பார்த்து முடிவெடுப்பது

க்யூப் என்பது வலுவைச் சோதிக்க வார்த்து உடைத்துப் பார்க்கும் கான்கிரீட் கட்டி. சாம்பல் சேர்த்த கான்கிரீட் ஏழாம் நாளில் பின்தங்கியே இருக்கும். 28-ஆம் நாளில் நெருங்கும், 56-ஆம் 90-ஆம் நாளில் பலமுறை தாண்டிவிடும். ஏழு நாள் க்யூபை உடைத்துவிட்டு "சாம்பல் வேலைக்கு ஆகாது" என்று தள்ளுபவர்களும் உண்டு, ஏழு நாளில் வழக்கம்போல் தளத்தைத் தாங்கும் முட்டுக்களை எடுப்பவர்களும் உண்டு. இரண்டாவது ஆபத்தானது. ஐஎஸ் 456, தாங்கிகளுக்கு இடையே நாலரை மீட்டர் வரையிலான தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் முட்டு இருக்கவேண்டும் என்று சொல்வது ஓபிசி சிமெண்டுக்கு. சாம்பல் கலந்தால் அந்தக் கணக்கை நீட்டவேண்டும்.

மாணவர்கள் கவனிக்க ஒன்றிரண்டு. ஒரு கலவைக்கு ஒரே ஒரு க்யூப் போட்டு வரைபடம் வரையாதீர்கள், மூன்றின் சராசரிதான் ஒரு மாதிரி. அவற்றில் ஏதாவது ஒன்று சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகினால் அந்த மாதிரியையே நம்பக்கூடாது. சாம்பல் போட்ட கலவைக்கும் போடாத கலவைக்கும் தண்ணீர் விகிதம் ஒன்றாக இருக்கட்டும், இல்லையென்றால் எது வலுவை மாற்றியது என்றே தெரியாது. நாரைச் சோதிக்க அமுக்கு வலு மட்டும் போதாது, அதில் நார் பெரிதாக எதையும் காட்டாது. பீம் வளைவுச் சோதனையும் பிளவுச் சோதனையும் செய்யுங்கள்.

இரண்டு நாள் க்யூரிங்

சாம்பல் சேர்த்ததற்கு அதிகமாகத் தேவைப்படுவது ஈரம், அதிகமாகக் குறைக்கப்படுவதும் அதுதான். சாதாரண சிமெண்டுக்கு 7 நாள், சாம்பல் சேர்த்ததற்குக் குறைந்தது 10 நாள், 14 நாளாக நீட்டுவது நல்லது என்று ஐஎஸ் 456 சொல்கிறது. கத்திரி வெயிலில் பகலில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊரில், காலையும் மாலையும் ஹோஸ் பிடித்துத் தெளிப்பது க்யூரிங் ஆகாது. மதியத்துக்குள் தளம் காய்ந்து வெள்ளை பூத்துவிடும். ஈரம் போன நாளோடு சாம்பலின் வினையும் நின்றுவிடும்.

தளத்தை வெயில் ஏறும் முன்பே போட்டு முடியுங்கள், இல்லையென்றால் மாலையில் தொடங்குங்கள். மட்டம் தட்டி முடித்ததும் பாலித்தீன் ஷீட்டால் மூடுங்கள். மறுநாள் பாத்தி கட்டி இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள். தூணுக்கும் பீம் பக்கவாட்டுக்கும் சணல் சாக்கைச் சுற்றி, சாக்கு காயாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆளைச் சொல்லிவையுங்கள். சென்ட்ரிங் வாடகை பேசும்போதே 14 நாளுக்குக் குறையாமல் பேசிவிடுங்கள். நாலரை மீட்டருக்கு மேற்பட்ட தளம் என்றால் அதற்கும் மேலாகப் பேசுங்கள். தளம் போட்ட அன்றே எடுத்து, தளத்தோடு தளமாக அதே வெயிலில் வைத்துப் பதப்படுத்திய க்யூபை உடைத்து, இன்ஜினியர் சொன்ன வலு வந்த பிறகு முட்டுக்களைக் கழற்றச் சொல்லுங்கள்.